ஆறு வருசம் கர்னல் அன்வைண்டர் கோடு ரிவ்யூ பண்ணின அனுபவம், அந்த ஒரு இடம் மட்டும் இன்னும் ஆறல

கொழிஞ்சாம்பாறைல எங்க தெருத் தம்பி ஒருத்தன் போன வாரம் வந்து கேட்டான், "அண்ணா, ஆபீஸ்ல ஸ்டாக் அன்வைண்டர் பேட்ச் ரிவ்யூ பண்ணச் சொல்லிட்டாங்க, எந்த ஆர்க்கிடெக்சர் கோடை முதல்ல படிக்கட்டும்"னு. வாசல்ல நின்னே ஒரு மணி நேரம் பேசிட்டேன், அப்பவும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்துச்சு, அதான் எழுதிடலாம்னு. ஸ்டாக்னா என்ன, ஃப்ரேம் பாயிண்டர்னா என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இது. அன்வைண்டர்னா, யார் யாரைக் கூப்பிட்டு இந்த இடத்துக்கு வந்தாங்கன்னு ஸ்டாக்கைப் பிரிச்சுப் பாத்துச் சொல்ற லினக்ஸ் கர்னல் கோடு, அது போடற பட்டியல்தான் கால் ட்ரேஸ்.

முதல்ல போன மாசம் நடந்ததைச் சொல்லிடறேன், எரிச்சல் இன்னும் அடங்கல. எங்க ஆர்ம்64 (64 பிட் ஆர்ம் ப்ராசஸர்) போர்டு ஒண்ணு சைட்ல தொங்கிப் போய் சாஃப்ட் லாக்கப் மெசேஜ் வந்துச்சு, அதாவது ஒரு சிபியு ரொம்ப நேரமா கர்னலுக்குள்ளயே சிக்கிக் கிடக்குன்னு. கால் ட்ரேஸ்ல மேல ஒரு குட்டி ஃபங்ஷன், அது ஒரு ரெஜிஸ்டரைப் படிச்சிட்டு திரும்பறது அவ்ளோதான், அதுக்கு அடுத்த வரில டிரைவரோட பெரிய ஃபங்ஷன். சரி பெரியவன்தான் சின்னவனைக் கூப்பிட்டிருக்கான்னு நெனச்சு மூணு நாள் அந்தப் பெரிய ஃபங்ஷன்ல இருக்கற லாக்கை எல்லாம் தோண்டினோம். ஒண்ணும் இல்ல. நடுவுல இன்னொரு ஃபங்ஷன் இருந்திருக்கு, அதுதான் லூப்ல உக்காந்து அந்தக் குட்டியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுட்டே இருந்திருக்கு, டைம் அவுட்டே கிடையாது. குற்றவாளியே அதான், ட்ரேஸ்ல அது பேர் மட்டும் இல்ல!

ஏன் இல்லன்னா, வேலந்தாவளம் சந்தைக்கு லோடு வர்றதை நெனச்சுக்கோங்க. எந்தத் தோட்டத்துல இருந்து வருதுன்னு ஒரு சீட்டு இருக்கும், அடுத்த கைக்கு மாத்தறதா இருந்தா அதை மூட்டைல சொருகிடுவாங்க, மாத்தப் போறதில்லன்னா கைலயே வச்சிருப்பாங்க. ஆர்ம்64ல திரும்பிப் போற அட்ரஸ் முதல்ல எக்ஸ்30 ரெஜிஸ்டர்லதான் இருக்கும், அதான் எல்ஆர், லிங்க் ரெஜிஸ்டர். மேல யாரையாவது கூப்பிடப் போற ஃபங்ஷன் மட்டும் பழைய எக்ஸ்29ஐயும் (ஃப்ரேம் பாயிண்டர்) எக்ஸ்30ஐயும் சேர்த்து ஸ்டாக்ல வைக்கும், மொத்தம் 16 பைட், அதான் ரெக்கார்டு. யாரையும் கூப்பிடாத லீஃப் ஃபங்ஷன் பெரும்பாலும் வைக்காது, கைலயே சீட்டு. அந்த நேரம் பாத்து டைமர் இன்டரப்ட் அடிச்சா, அன்வைண்டர் மூட்டையை மட்டும் பிரிச்சுப் பாத்துட்டு போயிடும். ஸ்டாக்ல மேல இருக்கற ரெக்கார்டு கூப்பிட்டவனோடது, அதுல எழுதியிருக்கறது கூப்பிட்டவனைக் கூப்பிட்டவன் அட்ரஸ். அப்படித்தான் நடுவுல ஒரு ஆள் காணாம போறான், எச்சரிக்கை ஒரு வரி கூட வராது.

தகவல் இல்லாம இல்லைங்க. ரெஜிஸ்டர் டம்ப்ல பிசிக்கு (ஓடிட்டிருந்த இடத்தோட அட்ரஸ்) கீழயே எல்ஆர்னு ஒரு வரி வருது, அதுல அந்த நடு ஃபங்ஷன் பேர் பளிச்சுனு இருந்துச்சு. சைட்ல இருந்து அனுப்பினவங்க கால் ட்ரேஸ்ங்கற வரில இருந்து வெட்டி அனுப்பிட்டாங்க. முழு லாக் வாங்காம ரிவ்யூவும் பண்ணாதீங்க டீபக்கும் பண்ணாதீங்க. 2024 கடைசில எல்ஆரையும் ட்ரேஸ்லயே காட்ட ஒரு மாற்றம் கர்னல்ல வந்துச்சு, ஆனா ஃபங்ஷன் ட்ரேஸ் டெஸ்ட்ல வார்னிங் வருதுன்னு சீக்கிரமே எடுத்துட்டாங்க. எடுத்ததுல நியாயம் இருக்கு, ஏன்னா லீஃப் இல்லாத ஃபங்ஷன் நடுவுல அந்த எல்ஆர் எப்பவோ போன காலோட மிச்சமா இருக்கலாம், அப்போ இல்லாத ஆளைக் காட்டிடும். நியாயம் புரியுது, எனக்குப் போன மூணு நாள் திரும்ப வரலையே.

இப்ப எக்ஸ்86, இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர். 64 பிட்ல 2017ல 4.14 கர்னல்ல ஆர்க் அன்வைண்டர் வந்துச்சு, ஜோஷ் போய்ம்போஃப் எழுதினது. 2006ல 2.6.18ல டுவார்ஃப் (டீபக் தகவல் ஃபார்மட்) அன்வைண்டர் போட்டுப் பாத்து பிரச்சனை ஆகித் தூக்கினது பழைய கதை. ஆர்க்ல ஆப்ஜ்டூல்னு கர்னலோட ஒரு டூல் பில்ட் நேரத்துலயே ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனையும் நடந்து பாத்து டேபிள் போட்டு வச்சிடும், அதனால லீஃப்ல அடிச்சாலும் ஸ்டாக்கைச் சரியாப் பிரிக்கும். 2ல இருந்து 4 எம்பி மெமரி கூடுதலா திங்கும், சர்வர்ல அது ஒரு பொருட்டா. அசெம்பிளி எழுதறவங்க கைல ஹின்ட் போடணும், தப்பாப் போட்டா ஆப்ஜ்டூல் கத்தும், அது கத்தறது எனக்குப் பிடிக்கும்.

அதுல எனக்கு உயிர் ஒரே ஒரு வரிதான். டேபிள்ல தேடும்போது சாதாரண கால் ஃப்ரேம்னா அட்ரஸ்ல ஒண்ணைக் கழிச்சுத் தேடும், இன்டரப்ட் ஃப்ரேம்னா கழிக்காம தேடும். திரும்பி வராத ஃபங்ஷனைக் கடைசி வரில கூப்பிட்டா ரிட்டர்ன் அட்ரஸ் அடுத்த ஃபங்ஷனோட வாசல்ல போய் நிக்கும், அதனால கழிக்கணும். இன்டரப்ட் முதல் இன்ஸ்ட்ரக்ஷன்லயே அடிச்சிருந்தா, கழிச்சா முந்தின ஃபங்ஷன் வீட்டுக்குள்ள போயிடுவோம், அதனால கழிக்கக் கூடாது. கூப்பிட்டு வந்தது வேற, அடிச்சு நிறுத்தினது வேற, இந்த எல்லையைத்தான் எல்லா ஆர்க்கிடெக்சர் பேட்ச்லயும் நான் முதல்ல தேடிப் பாப்பேன். எனக்கு வந்த பேட்ச்ல பாதிக்கு மேல இங்கதான் தப்பு.

ட்ரேஸ்ல வர்ற கேள்விக்குறியையும் சொல்லணும். ஸ்டாக்ல கோடு அட்ரஸ் மாதிரி கிடக்கறதை எல்லாம் எக்ஸ்86 அச்சடிச்சிடும், அன்வைண்டர் உறுதி சொல்லாததுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குறி போட்டுடும். புதுசா வர்றவங்க குப்பைன்னு திட்டுவாங்க. எனக்கு அது மரியாதை, இவன் இருந்தானான்னு சந்தேகம், நீயே பாத்துக்கோன்னு சொல்லுது.

ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, ஆர்ம்64ல ஃப்ரேம் பாயிண்டர் ரெக்கார்டு மேலயே நிக்கும், இங்க ரெக்கார்டு 16 பைட் கீழ இருக்கும், அங்கிருந்து காப்பி அடிச்ச பேட்ச்ல இது மாத்தாம வந்தது ரெண்டு தடவை பாத்துட்டேன். பவர்பிசி ப்ராசஸர்ல பேக் செயின் (ஒவ்வொரு ஃப்ரேமும் முந்தின ஃப்ரேமைக் காட்டற சங்கிலி) ஏபிஐலயே, அதாவது கம்பைலர் மதிக்க வேண்டிய விதிலயே, கட்டாயம், அதனால நிம்மதி, இன்டரப்ட் ஃப்ரேம்ல ரெக்ஸ்ஹியர் (regshere)னு எழுத்தாவே ஒரு அடையாளம் வச்சிருந்தாங்க, மெமரி டம்ப்ல முதல் தடவை அதைப் பாத்தப்போ வழில மைல்கல் பாத்த சந்தோசம்.

தம்பிகிட்ட கடைசில என்ன சொன்னேன்னா, ஆர்ம்64 ஸ்டாக்ட்ரேஸ் ஃபைலை முதல்ல படின்னுதான். இவ்ளோ திட்டிட்டு அதையான்னு அவன் கேட்டான். ஆமா, ஒரு சாயங்காலத்துல படிச்சு முடிச்சிடலாம், எங்க பொய் சொல்லும்னு விரல் வச்சுக் காட்டலாம், எங்க அடுத்த போர்டும் ஆர்ம்64தான், நான்தான் எடுக்கச் சொன்னேன். இன்னைக்கு ராத்திரி அந்த லூப்புக்கு டைம் அவுட் போட்ட பேட்ச் ரிவ்யூ பாக்கி இருக்கு, கமிட் மெசேஜ்ல எல்ஆர் வரியோட முழு லாக்கையும் போடச் சொல்லி எழுதணும்.