சாப் 900 டர்போ 16: டர்போவுக்குப் பயப்படாதீர்கள், துருவுக்குப் பயப்படுங்கள்

"ஓடவில்லை, பேட்டரி போட்டால் கிளம்பிவிடும்" என்று விளம்பரத்தில் பார்த்தால், பேட்டரி தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன் கம்பெனியான சாப் (Saab) தயாரித்த என்னுடைய 1987 சாப் 900 டர்போ 16 கார் அப்படி ஒரு விளம்பரத்தில் வந்ததுதான். ஸ்வீடனின் கோத்தன்பர்க்குக்கு வடக்கே ஒரு பண்ணைக் கொட்டகையில், எலிப் புழுக்கையும் வைக்கோல் தூசியுமாகப் பல வருடம் நின்ற வண்டி. பேரம் பேசி 18,000 ஸ்வீடிஷ் க்ரோனாவுக்கு முடித்தேன். விற்றவர் தங்கமான மனிதர், காபியெல்லாம் போட்டுக் கொடுத்தார். வண்டியைப் பற்றிச் சொன்னதில்தான் பாதிகூட உண்மையில்லை.

நம் ஊரில் டர்போ என்றால் டீசல் வண்டிதான் நினைவுக்கு வரும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறிதான் டர்போ. பெட்ரோல் காரில் அதைப் பொருத்தி, அந்தக் காரை ஆபீஸ் போய்வரும் குடும்ப வண்டியாகவும் ஆக்கிக் காட்டியதில் சாபுக்குப் பெரிய பங்கு உண்டு. 1977-இல் 99 டர்போவைக் காட்டினார்கள். அடுத்த வருடமே 900 வந்துவிட்டது. பிறகு 16 வால்வும், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்து, இரண்டு லிட்டர் எஞ்சினிலிருந்து 175 குதிரைத்திறன் எடுத்தார்கள். 80களின் நடுவில் அது சாதாரண விஷயமே கிடையாது.

வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து டர்போவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். முதலில் கீழே குனியுங்கள். முன்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கு மேலே, எஞ்சின் அறையின் உள்சுவரோடு சேர்ந்த இரும்புக் கூடு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சேறும் அங்கேதான் போய் அடைந்துகொள்ளும். வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் பொத்தென்று இறங்கும். சஸ்பென்ஷனின் பாரத்தைத் தாங்குகிற பகுதி என்பதால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்க முடியாது, அறுத்து எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டும். அடுத்து பேட்டரி உட்காரும் தட்டு, கதவுகளின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவுகள். என் வண்டியில் இடது பக்கக் கூடு மட்டும் போயிருந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு டிங்கர் வேலைக்கே போனது.

இன்னொன்று, சாவி இல்லாத வண்டியைத் தொடாதீர்கள். சாப் 900-இல் சாவித் துளை ஸ்டீயரிங் பக்கம் இருக்காது, இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர் கம்பிக்குப் பின்னால் இருக்கும். ரிவர்ஸ் கியரில் போட்டால்தான் சாவியை எடுக்க முடியும். எடுத்ததும் கியர் அப்படியே பூட்டிக்கொள்ளும். கொட்டகையிலிருந்து அப்படிப்பட்ட வண்டியை டிரெய்லரில் ஏற்றுவது பெரும்பாடு.

பல வருடம் நின்ற எஞ்சினைச் சட்டென்று ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்தேன். பிறகு கையால் சுற்ற வேண்டும். இங்கேதான் சாபின் விசித்திரம். எஞ்சினை நீளவாக்கில், ஆனால் முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். பெல்ட்டும் புல்லியும் டாஷ்போர்டுப் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கின்றன, ஸ்பானர் வைக்க இடமே இல்லை. ஐந்தாவது கியரில் போட்டு வண்டியை மெல்லத் தள்ளினால் எஞ்சின் தானாகச் சுற்றும், அதுதான் சுலபம். அப்புறம் இக்னிஷன் இணைப்பை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டேன். டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராமல் எஞ்சினை முடுக்கினால் அதன் ஆயுள் அன்றோடு சரி. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. அதை வெளியேற்றி, டேங்குக்குள் இருக்கும் பம்பையும் மாற்றினேன்.

எஞ்சினைத் திருப்பி வைத்ததன் பலன் கிளட்ச் மாற்றும்போதுதான் புரியும். பானெட் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கிறது. திறந்தால் ரேடியேட்டருக்குப் பின்னாலேயே கிளட்ச். மூடியைக் கழற்றி, ஷாஃப்டை உருவிவிட்டு, கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் மூன்றையும் ஒன்றாக மேலே தூக்கிவிடலாம். எஞ்சினையும் இறக்க வேண்டாம், கியர்பாக்ஸையும் இறக்க வேண்டாம். பெடலை மிதித்துப் பிடித்து, பிரஷர் பிளேட்டில் ஒரு வளையத்தைச் செருகி அமுக்கி நிறுத்துவது முறையான வழி. என் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் காய்ந்து பெடல் தரையோடு கிடந்ததால் வளையத்துக்கு வழியில்லை. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தேன். வீட்டு வாசலில் வைத்தே முடித்துவிட்டேன்.

டர்போவுக்கு வருவோம். ஓட ஆரம்பித்த பிறகும் பிக்கப் இல்லை. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டைக் காட்டும் மீட்டரில் எண்களே கிடையாது, வண்ணப் பட்டைகள் மட்டும்தான். முள் கொஞ்சம் அசைந்துவிட்டு அங்கேயே நின்றது. ஒரு பணிமனையில் காட்டினேன், பெயர் வேண்டாம். டர்போவையே மாற்ற வேண்டும், 14,000 க்ரோனா ஆகும் என்றார்கள். டர்போவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றி, விசிறியை விரலால் சுழற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சுற்றியது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே இல்லை. பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம், அது இருக்க வேண்டியதுதான்.

நோய் வேறு இடத்தில் இருந்தது. இந்தக் காரில் ஏபிசி (APC) என்று ஒரு ஏற்பாடு உண்டு. சாபின் டர்போ வேலைகளுக்கு முன்னின்ற பொறியாளர் பெர் யில்பிராண்ட் உருவாக்கியது, 80களின் தொடக்கத்தில் வந்தது. எஞ்சின் நாக்கிங் ஆகிறதா, அதாவது பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துத் தட்டுகிறதா என்று ஒரு சென்சார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கிங் ஆகாதவரை ஏபிசி பூஸ்ட்டை ஏற்றும், ஆகிவிட்டால் உடனே குறைக்கும். மட்டமான பெட்ரோல் போட்டாலும் எஞ்சின் தப்பிக்க இதுதான் காரணம். ஏற்றி இறக்கும் வேலையைச் செய்வது முன்பக்கம் இருக்கும் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சின்ன சோலனாய்டு வால்வு. அது செத்தால் அடிப்படை பூஸ்ட் மட்டும்தான் கிடைக்கும், வண்டி சோம்பலாக ஓடும். என் வண்டியில் வால்வு பிசுக்கில் ஒட்டிக் கிடந்தது, அதற்குப் போகும் ரப்பர் குழாய் ஒன்றும் விரிசல் விட்டிருந்தது. பிரேக் கிளீனரால் கழுவி, குழாயை மாற்றினேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசில் முடிந்தது.

அடுத்த நாள் ட்ரோல்ஹாத்தான் சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முள் எழுந்தது, பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல வண்டி பாய்ந்தது. இன்றைய டர்போ கார்களில் இந்தத் தாமதத்தை ஒழித்துவிட்டார்கள். எனக்கென்னவோ அந்தக் காத்திருப்பே பிடித்திருக்கிறது.

குறைகளும் சொல்ல வேண்டும். இந்த மாடலின் கியர்பாக்ஸ் பலவீனமானது என்பது ஊரறிந்த செய்தி. எஞ்சினுக்கு அடியில் இருப்பதால் அதைப் பழுதுபார்க்க இரண்டையும் சேர்த்து இறக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது உறுமல் கேட்டாலோ கியர் தானாக விடுபட்டாலோ விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் கிளம்பி வந்துவிடுங்கள். கூரைத் துணி எல்லா 900-லும் தொங்கும். உள்ளிருக்கும் நுரை பொடியாகி தலைமேல் கொட்டும். பலகையைப் பின்கதவு வழியாக வெளியே எடுத்து, பொடியைத் துடைத்து, புதுத் துணி ஒட்டினேன். அலுப்பான வேலை, வேறொன்றுமில்லை.

கம்பெனியே 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டதே, ஸ்பேர் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கிடைக்கிறது. சாபின் உதிரிபாகக் கம்பெனி அந்தத் திவாலில் சிக்கவில்லை. பிறகு ஓரியோ என்று பெயர் மாறி நடந்தது. ஜெர்மனியின் ஸ்காண்டிக்ஸிலும் கிளட்ச், பிரேக், ரப்பர் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. உள்ளலங்காரப் பொருள்களுக்கு மட்டும் உடைத்த வண்டிகளைத் தேடி அலைய வேண்டும்.

பெட்ரோலில் ஒரு கவனம். ஸ்வீடனில் 2021 முதல் 95 ஆக்டேன் பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. பழைய ரப்பர் குழாய்களை நம்பி அதை ஊற்ற எனக்கு மனசில்லை, 98 தான் போடுகிறேன். வேகமாக ஓட்டி வந்தால் அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், சூட்டில் டர்போவுக்குள் ஆயில் கருகாமல் இருக்கும். வண்டிக்கு 30 வயது தாண்டிவிட்டதால் சாலை வரி கிடையாது.

நான் போட்ட பணத்தையெல்லாம் கூட்டினால், நன்றாகப் பராமரித்த ஒரு 900-ஐயே வாங்கியிருக்கலாம். ஸ்பானர் பிடிப்பதில் ருசி இல்லாதவர்கள் அப்படியே வாங்கிவிடுங்கள். என் வண்டியில் ஏசி இன்னும் வேலை செய்யவில்லை. கோத்தன்பர்க்கில் அதற்கு ஒன்றும் அவசரமில்லை.