தேசிக்காய்க்கு முன்னால் மூன்று கற்கள்

வெள்ளவத்தையில் இந்த பிளட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது குசினி மேடை முழுக்க வெள்ளை மாபிள். முன்பு இருந்தவர்கள் ஆசைப்பட்டுப் போட்டிருக்க வேண்டும். வடிவென்றால் அப்படியொரு வடிவு. மூன்றாம் நாள் மாமி மீன் கழுவத் தேசிக்காய் வெட்டி, இரண்டு பாதிகளையும் மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசலில் யாரோ மணியடிக்கிறார்கள் என்று போனார். திரும்பி வந்து எடுத்தால் கல்லில் இரண்டு வட்டம். ஈரத்துணியால் துடைத்தோம், சவர்க்காரம் போட்டோம், போகவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் விளங்கியது, அது கறையே இல்லை. அந்த இடத்தில் கல்லின் மினுக்கம் போய்விட்டது.

மேடையை மாற்ற மனம் வர இன்னும் ஒரு வருடம் பிடித்தது. அதற்குள் பழப்புளி கரைத்த சட்டியின் வளையம், தக்காளி வெட்டிய இடம், ஊறுகாய்ப் போத்தலின் அடி என்று குசினியின் சமையல் வரலாறு முழுக்க அந்தக் கல்லில் எழுதப்பட்டுவிட்டது. சரி, மாற்றத்தான் வேண்டும் என்று ஆனபிறகு மாபிளா, கிரனைட்டா, குவாட்ஸா என்று வீட்டில் வழக்கு தொடங்கியது. மாமிக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி, கணவருக்கு எது விலை குறைவோ அந்தக் கட்சி.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் ஊர்ப்பக்கம் தரையில் பதிக்கும் எந்தப் பளபளப்பான ஓட்டையும் ‘மாபிள்’ என்பார்கள். ‘வீட்டுக்கு மாபிள் போட்டாச்சு’ என்றால் பத்தில் ஒன்பது தடவை அது சூளையில் சுட்ட டைல்ஸ். நான் இங்கே சொல்வது மலையிலிருந்து வெட்டியெடுத்த நிஜ மாபிள். குவாட்ஸ் என்று கடையில் விற்பதும் மலையிலிருந்து அப்படியே வந்ததல்ல. பொடித்த படிகக்கல்லைப் பிசினோடு கலந்து, அழுத்தி, பலகையாக வார்த்தது. நிறையில் ஏறத்தாழ 90 வீதம் கல், மீதி பிசினும் சாயமும். இயற்கைக் கல்லைத் தேடிப் போகிறவர்களிடம் கடைக்காரர் முதலில் காட்டுவது அதைத்தான் என்பதால் அதையும் வழக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மாபிளுக்கும் தேசிக்காய்க்கும் என்ன பகை? யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கேத்தலைத் திறந்து பாருங்கள், அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். தேசிக்காயைப் பிழிந்து, தோலையும் உள்ளே போட்டுக் கொதிக்கவைத்தால் பொருக்கு நுரைத்துக் கரைந்துவிடும். அந்தப் பொருக்கு கல்சியம் காபனேற்று. மாபிளும் அதேதான், பூமிக்குள் வெந்து இறுகிப் படிகமான சுண்ணாம்புக்கல். கேத்தலில் நாம் வேண்டிச் செய்கிற வேலையை மேடையில் தேசிக்காய் கேட்காமலே செய்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘சீலர் அடித்துத் தருகிறோம், ஒன்றும் ஆகாது’ என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. சீலர் கல்லின் நுண்துளைகளுக்குள் போய் எண்ணெயும் மஞ்சள் தண்ணீரும் இறங்குவதைத் தாமதப்படுத்தும். மேற்பரப்பைப் புளி அரிப்பதை அது தடுக்காது. கறை வேறு, அரிப்பு வேறு. மாபிள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கண்ணாடிபோல மினுக்கியதை விட்டுவிட்டு, மினுக்காமல் மங்கலாகத் தீட்டிய கல்லைக் கேளுங்கள். அரிப்பு அதிலும் விழும், கண்ணில் அவ்வளவாகக் குத்தாது.

கிரனைட் பக்கம் வருவோம். கடையில் கிரனைட் என்று எழுதி ஒட்டியிருக்கும் எல்லாமே புவியியல் கணக்கில் கிரனைட் அல்ல. கடினமாகவும் படிகமாகவும் இருந்து மினுக்க வந்தால் வியாபாரத்தில் அது கிரனைட். கறுப்புக் கிரனைட் என்பவை பெரும்பாலும் கப்ரோ, டொலரைட் போன்ற வேறு பாறைகள். நம் மலைநாட்டில் நிறையக் கிடைக்கும் கருங்கல் வகை ஒன்றுக்குச் சார்னொக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஜொப் சார்னொக்கின் கல்லறைக் கல்லை வைத்து, 1893இல் தோமஸ் ஹொலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். அந்தக் கல்லறைக் கல்லோ சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரப் பாறை. இன்னொரு வேடிக்கை, கடையில் ‘காஷ்மீர் வைட்’ என்று பனிமலையை நினைக்கவைத்து விற்கும் கல் மதுரைப் பக்கத்தில் மேலூரில் வெட்டுவது. பெயரைப் பார்த்துக் கல் வாங்கக் கூடாது என்று சொல்லவே இதையெல்லாம் சொல்கிறேன். அந்த வெள்ளைக் கல்லில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவது கார்னெட். அதில் இரும்பு உண்டு. கல்லும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கிற சாதி. கடல்காற்று அடிக்கிற வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத்தில், அதுவும் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் அதைப் போட எனக்குத் துணிவில்லை. துருநிறம் கசிந்து மஞ்சளிக்கலாம்.

அடர்த்தியான கறுப்போ வேறு மாதிரி. அதில் இருப்பவை பெல்ஸ்பார் போன்ற சிலிக்கேற்றுக் கனிமங்கள். தேசிக்காய், புளி, வினாகிரி எதற்கும் அசையாது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பிக் கட்டுவித்தது. நூறு வருடத்துக்கு மேலாக எண்ணெய், பால், இளநீர், தீபப்புகை என்று எதையெல்லாமோ அந்தக் கல் வாங்கிக்கொண்டிருக்கிறது. கறுத்திருக்கிறது, வழவழத்திருக்கிறது, கரைந்து போகவில்லை. ‘அது கோயில், இது குசினி’ என்றார் கணவர். கோயிலில் தினமும் நடக்கும் அபிசேகத்தை நினைத்தால் எங்கள் குசினி எம்மாத்திரம்.

கறுப்புக்குக் குறையே இல்லையென்று சொல்லமாட்டேன். விரல் அடையாளம், காய்ந்த தேங்காய்ப்பாலின் வெள்ளைப் படலம், மாவுத்தூள் எல்லாம் மினுக்கிய கறுப்பில் பளிச்சென்று தெரியும். அதேநேரம் இரவில் எறும்பு ஊர்ந்தால் தெரியாது. சீனிப் போத்தலைத் தூக்கும்போதுதான் படை இருப்பது தெரியவரும். புள்ளி போட்ட சாம்பல் கல் இந்த இரண்டுக்கும் நடுவே ஓரளவு சமாளிக்கும்.

குவாட்ஸைப் பற்றி நியாயமாகவே பேசவேண்டும். புளிக்கு அசையாது, தண்ணீர் குடிக்காது, சீலர் வேண்டாம், பலகைக்குப் பலகை நிறம் ஏறத்தாழ ஒரே மாதிரி. பிசின்தான் அதன் பலவீனம். 150 பாகை செல்சியஸ் அளவிலேயே பிசின் நிறம் மாறத் தொடங்கலாம்; தாளிக்கிற தாச்சி அதை எளிதில் தாண்டும். எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போய் இருக்கும் இடம் மேடைதான், மாமியின் கையை மாற்ற முடியாது. நாள் முழுக்க மேற்கு வெயில் விழும் இடத்தில் வெளிர்நிறக் குவாட்ஸ் மஞ்சளிப்பதும் உண்டு. பல்கனி மேசைக்கு அது வேண்டவே வேண்டாம். சமையல் குறைவான, வேலைக்குப் போகிற இருவர் இருக்கும் வீடென்றால் நானே குவாட்ஸைத்தான் சொல்வேன்.

அதை வெட்டுகிறவர்களின் நிலையும் மனதில் நிற்கிறது. எந்தக் கல்லை உலர வெட்டினாலும் தூசு கெடுதல்தான். ஆனால் குவாட்ஸ் பலகையில் சிலிக்கா மிக அதிகம். நுண்தூசு நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அவுஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைப் பலகையைத் தடைசெய்தது, உலகிலேயே முதல் நாடாக. எந்தக் கல் வாங்கினாலும் வீட்டுக்குள் வைத்து உலர வெட்ட விடாதீர்கள். பட்டறையில் தண்ணீர் ஊற்றி வெட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். கல் வெட்டுகிற பாஸுக்கும் நல்லது, உங்கள் பிள்ளைகளுக்கும் நல்லது.

கடைக்குப் போகும்போது நான் கைப்பையில் மூன்று சாமான் கொண்டுபோனேன்: பாதித் தேசிக்காய், சின்னப் போத்தலில் தண்ணீர், நகப்பூச்சு அழிக்கிற திரவம். பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு கடையில் நின்ற பையன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“அக்கா, இது தண்ணி குடிக்காத கல்லு. பயப்படாம வாங்குங்க.”

“சரி தம்பி, ஒரு வெட்டுத்துண்டு தாங்களேன், பாப்பம்.”

துண்டின்மேல் நாலு துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் கதைத்துக்கொண்டிருந்தோம். துடைத்தபோது அந்த இடம் இருண்டிருந்தது. அவன் சிரித்துவிட்டு, “வேற காட்டுறன்” என்றான். அடுத்தது நல்ல கறுப்பு. தண்ணீரும் இறங்கவில்லை, தேசிக்காயும் தடம் விடவில்லை. நகப்பூச்சு திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். துணி கறுக்கவில்லை. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பென்று விற்பது உலகம் முழுக்க நடக்கிற வேலை, துணி கறுத்தால் அந்தக் கல்லை வைத்துவிட்டு வரலாம். சோதனையை வெட்டுத்துண்டில் மட்டும் செய்யுங்கள், கடைக்காரரின் முழுப் பலகையில் அல்ல.

பாரத்தையும் யோசியுங்கள். 20 மில்லிமீற்றர் தடிப்புக் கல் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. பத்தடி நீளம், இரண்டடி அகலம் என்றால் 100 கிலோ. பிளட் லிப்டுக்குள் பத்தடிப் பலகை நுழையாது, படியில் நாலு பேர் நிமிர்த்திப் பிடித்துத் தூக்கவேண்டும். படுக்கையாகத் தூக்கினால் கழுவும் தொட்டிக்கு வெட்டிய ஒடுங்கிய இடத்தில் முறியும். இணைப்பு எங்கே வரும் என்பதைக் கல் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவையுங்கள். ஓரம் தீட்டுவதும் தொட்டிக்குத் துளை வெட்டுவதும் சதுர அடி விலையில் சேர்ந்ததா, தனியா என்பதையும்தான்.

தரை விஷயத்தில் என் மனம் மாபிள் பக்கம் சாயும். வெறுங்காலில் நடக்கக் குளிர்ச்சி, சாமியறைக்கு ஒரு நிறைவு. ஆனால் கடற்கரை மணல் இருக்கிறதே, அது பெரும்பாலும் படிகக்கல். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7, மாபிள் 3. செருப்போடு வரும் மணல் ஒவ்வொரு அடியிலும் தரையைக் கீறும். வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று இரண்டு கால்மிதி போட்டால் பாதிப் பராமரிப்பு முடிந்தது. வெள்ளை மாபிளைச் சாம்பல் சீமெந்தில் பதிக்க விடாதீர்கள், நிழல் மேலே தெரியும். வெள்ளைப் பசையில்தான் பதிக்கவேண்டும். பழைய கொழும்பு வீடுகளின் டெரசோவும் மாபிள் சல்லியும் சீமெந்தும்தான், ஆகவே அதே விதிகள். அம்மம்மா வீட்டுச் சிவப்புச் சீமெந்துத் தரையைப் பொச்சு மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்க வைத்திருந்தார்களே, அதற்கு இன்றைக்கு யாருக்கு முழங்கால் இருக்கிறது.

குளியலறையில் மாபிள் வேண்டாம். கொமட் கழுவும் திரவங்களில் பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கும், ஒரு துளி தெறித்தாலும் தடம்தான்.

பராமரிப்பில் கிரனைட்டுக்கும் மாபிளுக்கும் பொதுவானது, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. உரசும் பவுடரும் கம்பித் தேய்ப்பானும் மாபிளைக் கீறிவிடும். எண்ணெய் இறங்கிக் கறுத்த இடத்தில் அப்பச்சோடாவைத் தண்ணீரில் களியாகக் குழைத்து அரை அங்குலம் பூசி, பொலித்தீனால் மூடி ஓரத்தை ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிறகு திறந்து காயவிட்டால் களி எண்ணெயை இழுத்துக்கொள்ளும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை. வெளிர்நிறக் கல்லில் மஞ்சள்கறை என்றால் தண்ணீருக்குப் பதில் ஐதரசன் பெரொட்சைட்டில் குழைக்கலாம். கறுப்புக் கல்லில் அதைத் தொடாதீர்கள், நிறம் வெளுக்கலாம். வெயில் விழும் இடமென்றால் மஞ்சள் சில நாளில் தானாகவே மங்கும். மாபிளில் விழுந்த அரிப்புக்குக் களி உதவாது, கல் மினுக்குகிற ஆளைத்தான் கூப்பிடவேண்டும்.

சீலரை வருடத்துக்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கவேண்டாம். தண்ணீர்த்துளிச் சோதனையில் கல் இருண்டால் அடியுங்கள். அடர்ந்த கறுப்பில் சீலர் உள்ளே இறங்க இடமில்லாமல் மேலே மங்கலாகப் படிந்து நிற்கும்; அதைத் துடைத்தெடுப்பது தனிப் பாடு.

வழக்கில் கறுப்பு வென்றது. பழைய மாபிளைக் கழற்றியபோது பாஸ் அதை எறியவா என்று கேட்டார். மாமி விடவில்லை. உடையாத பக்கத்தில் இரண்டடித் துண்டொன்றை வெட்டுவித்து, ஓரம் தீட்டி, ரொட்டி தட்ட வைத்துக்கொண்டார். கல் குளிர்ச்சி என்பதால் மா ஒட்டுவதில்லையாம். அந்த இரண்டு வட்டமும் அதில்தான் இருக்கிறது, மா தூவினால் மறைந்துவிடும்.