தண்ணீர் அளவு எழுதித் தரும் அரிசிக்கடை

மன்னார்குடியில் இப்போது பாரம்பரிய அரிசி விற்காத கடையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. எங்கள் கடைத்தெருவில் மட்டும் ஐந்து கடை. மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில்கூட அரைக் கிலோ கருப்புக் கவுனி உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பாக்கெட்டிலும் அதே ஏர்மாடு, அதே பச்சை எழுத்து, ஓரத்தில் வெண்தாடியோடு இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார். கடைப் பெயரை விரலால் மறைத்துவிட்டால் எது யாருடைய பாக்கெட் என்று விற்கிறவருக்கே தெரியாது.

இத்தனைக்கும் இது எங்கள் பக்கத்துச் சமாச்சாரம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் 2006இல், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நெல் திருவிழா ஆரம்பித்தார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. 2018இல் அவர் இறந்துபோனார். விதை பரவியது, அதோடு பாக்கெட்டும் பரவியது.

நானும் ஏமாந்தவள்தான். போன வருஷம் ஒரு பளபளப்பான கடையில் (பெயர் வேண்டாம்) கவுனி வாங்கினேன். 'சர்க்கரை நோய்க்கு அருமருந்து' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, மருந்துதானே என்று தட்டு நிறையச் சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 240. அன்றைக்கு இரவு எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு சக ஆசிரியை கைகாட்டிய கடை இது. ஹரித்ராநதித் தெப்பக்குளத்தின் கரையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், வீட்டுத் திண்ணையைத் தடுத்துப் போட்ட கடை. பெயர்ப்பலகை கிடையாது. கடையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதற்கு, "பேரு போடாதீங்க டீச்சர், இருக்கிற நெல்லு வர்றவங்களுக்கே பத்தல" என்றார் கடைக்காரர். விளம்பரம் வேண்டாம் என்கிற வியாபாரியை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் உத்தரத்தில் கொத்துக் கொத்தாக நெற்கதிர் தொங்குகிறது, ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கொத்து. காட்டுயானம் கொத்தைத் தாளோடு அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார், என்னைவிட உயரம். மாப்பிள்ளைச் சம்பா கேட்டேன். மூட்டையிலிருந்து எடுக்கவில்லை. கதிரிலிருந்து நாலு நெல்லை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்து, உமியை ஊதிவிட்டு நீட்டினார். செங்கல் நிறத்தில் நாலு அரிசி. "இதுதான் அது. பாக்கெட்ல இருக்கிறதும் இதே நிறத்துல இருக்கான்னு பாத்துக்குங்க."

நான் விடவில்லை. முன்னால் வாங்கிய கடையின் சிவப்பரிசியைக் களைந்தபோது தண்ணீர் சிவந்ததையும், வெந்த சோற்றைப் பிட்டால் உள்ளே வெள்ளையாக இருந்ததையும் சொல்லி, சாயம்தானே என்று கேட்டேன். போட்டிக் கடையைப் போட்டுத்தள்ள இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. அவரோ, "இல்லீங்க, சிவப்பு தவிட்டுலதான் இருக்கு. உள்ள எல்லா அரிசியும் வெள்ளைதான். கொஞ்சம் நிறம் இறங்கத்தான் செய்யும். அத வச்சு அவங்களத் தப்பு சொல்ல முடியாது" என்றார். அந்த இடத்தில்தான் நான் இந்தக் கடையின் வாடிக்கைக்காரி ஆனேன்.

இனி அந்தப் பாக்கெட்டைப் பற்றி. காக்கிக் காகிதப் பை, நூலால் தைத்தது. படம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதியிருக்கிறார்: எந்த ஊர் வயல், எந்த மாதம் அறுப்பு, எந்தத் தேதியில் அரைத்தது. அடியில், 'எட்டு மணி நேரம் ஊறணும். ஒன்றுக்கு நான்கு தண்ணீர். கஞ்சிக்கும் இட்லிக்கும் நல்லது. ரசம் சாதத்துக்கு ஒத்து வராது.' தன் சரக்கு எதற்கு ஆகாது என்று எழுதி விற்கிற ஆள்! சர்க்கரை என்ற வார்த்தை மருந்துக்கும் இல்லை. அவரிடமே கேட்டேன். "அரிசி அரிசிதான் டீச்சர். சாரை அளவாச் சாப்பிடச் சொல்லுங்க."

சீட்டில் இருந்தபடியே இரவு ஊறவைத்து, காலையில் குக்கரில் கஞ்சி வைத்தேன். வாசனை கூடம் வரை வந்தது. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் தொட்டுக்கொள்ள வைத்தேன். அத்தை ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, "நடவுக்குக் கொண்டுபோன கஞ்சி மாதிரி இருக்கு" என்றார். அவர் எதையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. சொன்னதைக் கேட்காமல் ஒருநாள் அதையே சோறாக வடித்து ரசம் ஊற்றிப் பார்த்தேன். ரசம் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கமாக நின்றது. சீட்டு சொன்னது சரி.

விலை கூடத்தான். மாப்பிள்ளைச் சம்பா கிலோ 95 ரூபாய், கவுனி 190. மற்ற கடைகளைவிடப் பத்துப் பதினைந்து அதிகம். காரணமும் சொல்கிறார்: ஆடுதுறை 43 மாதிரி குறுகிய காலப் புது ரகம் என்றால் 110 நாளில் அறுத்துவிடலாம், மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் வயலில் நிற்க வேண்டும். ஆள் உயரம் வளர்வதால் ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சாய்ந்துவிடுகிற பயமும் உண்டு. விளைச்சலும் குறைவு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. காகிதப் பை பஸ் நெரிசலில் கிழிந்து, பேருந்து நிலையத்தில் நான் குனிந்து பூங்கார் அரிசி பொறுக்கிய கதை உண்டு. தவிடு போகாத அரிசி என்பதால் சீக்கிரம் வண்டு விழுகிறது. ஒருமுறை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே விழுந்தது. எடுத்துக்கொண்டு போனேன். பேசாமல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் ஒரு திட்டும் கிடைத்தது: "ஒரு மாசத்துக்கு மேல வாங்காதீங்கன்னு சொன்னேன்ல?" ஐந்து கிலோ கேட்டால் இரண்டுதான் தருவார். இது சிலருக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் முதலில் இருந்தது.

இன்னொன்று, போனால் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. ஐப்பசியில் தூயமல்லி அரிசி கேட்டுப் போனேன். கதவில் சிலேட்டு தொங்கியது: 'தூயமல்லி தையில்தான்.' கடைத்தெருவின் ஐந்து கடையிலும் அன்றைக்குத் தூயமல்லி இருந்தது. வருஷம் முழுக்க இருக்கிறது. எப்படி என்று நான் கேட்கவில்லை. வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போகிறவர்கள் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலை பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும், அதற்கப்புறம் அவர் வயலுக்குப் போய்விடுவார். ஞாயிறு விடுமுறை. ஜிபே உண்டு, ஆனால் போனை அவர் மகள்தான் வைத்திருப்பாள்; அவள் பள்ளிக்கூடம் போய்விட்டால் காசுதான்.