டிஸ்கவரியின் காற்றுப் பையா, பிராடோவின் காயிலா: ஓமன் மணலிலும் கல்லிலும் ஓட்டிப் பார்த்தது

ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வண்டியைத் தாங்குகிற அமைப்பு, என்றதும் எல்லோரும் பேசுவது, பட்டனை அமுக்கினால் வண்டி எவ்வளவு உயரும் என்பதைத்தான். மஸ்கட்டில் என் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4-ஐயும், கூட வேலை பார்க்கும் நண்பரின் டொயோட்டா பிராடோ 150-ஐயும் மாற்றி மாற்றி ஓட்டியதில், எனக்கு அதில் பிடித்துப்போனது அது இறங்குவதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஏர் கட்சி. ஆனால் நண்பர் ஏன் காயிலை, அதாவது சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கை, விட்டு நகரவே மாட்டேன் என்கிறார் என்பதும் நன்றாகவே புரிகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

டிஸ்கவரியில் நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பை. நம்ம ஊர் ஆம்னி பஸ்களுக்கு அடியில் இருக்கிற ஏர் பெல்லோவும் இதுவும் ஒரே சமாச்சாரம்தான். அதுபோக ஒரு கம்ப்ரசர், ஒரு காற்றுத் தொட்டி, வால்வு பிளாக்குகள், சக்கரத்துக்கு ஒன்றாக உயர சென்சார், இத்தனையையும் மேய்க்க ஒரு கம்ப்யூட்டர். சாதாரண உயரத்தில் தரைக்கும் வண்டிக்கும் 185 மி.மீ. இடைவெளி, ஆஃப்ரோடு உயரத்தில் 240. ஆட்கள் ஏறி இறங்க வசதியாக, சாதாரண உயரத்திலிருந்து 50 மி.மீ. கீழேயும் இறங்கும். பிராடோவில் முன்னால் டபுள் விஷ்போன் (சக்கரங்கள் தனித்தனியாக அசையும்), பின்னால் முழு ஆக்சில் (இரண்டு சக்கரமும் ஒரே அச்சில்), நான்கு பக்கமும் காயில். பிராடோவின் உயர்ந்த மாடல்கள் சிலவற்றில் பின்பக்கம் மட்டும் காற்றுப் பை வரும், நண்பருடையது அது இல்லை. அவர் அதற்கு வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்துகிற லிஃப்ட் கிட் போட்டு, கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங்காகவும் மாற்றிவிட்டார்.

அந்த இரண்டு அங்குலம்தான் விஷயமே. மலையிலும் மணலிலும் அது வேண்டும், சரி. ஆனால் அங்கே போய்ச் சேர நிஸ்வா ஹைவேயில் 120-இல் போக வேண்டுமே, அப்போதும் அந்த இரண்டு அங்குலம் கூடவே வருகிறது. பக்கக் காற்று அடித்தால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ரவுண்டானாவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் பின்சீட்டில் இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடுகிறார்கள். டிஸ்கவரியும் ஒன்றும் லேசான வண்டி இல்லை, இரண்டரை டன்னுக்கு மேல் எடை. ஆனால் தார் ரோடு வந்ததும் அது தாழ்ந்துவிடுகிறது, கனத்தின் மையமும் கூடவே இறங்கிவிடுகிறது. வருஷம் முழுக்க ஓட்டுகிற கிலோமீட்டர்களில் பெரும்பங்கு தார் ரோட்டில்தான் என்பதை லிஃப்ட் கிட் போடுகிறவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது இதை இன்னொரு விதத்தில் பார்த்தேன். முழங்கால் வலிக்காரர். பிராடோவில் ஏற ஃபுட்போர்டில் கால் வைத்து, மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்து, பின்னால் ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். டிஸ்கவரியில் நிறுத்தும்போதே பட்டனைத் தட்டிவிட்டால், 'புஸ்ஸ்' என்று காற்றை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வண்டி உட்காரும். ஒரே ஒரு தொல்லை, இறங்கி முடிவதற்குள் யாராவது அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் பாதியிலேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் அப்படி அவசரப்படாத ஆள் கிடையாது.

அப்புறம் சுமை. காயிலின் விறைப்பு மாறாது. நான்கு பேர், கூடாரம், ஃப்ரிட்ஜ், தண்ணீர் கேன்கள், விறகு என்று ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அதைச் சமாளிக்க விறைப்பான ஸ்பிரிங் போட்டால், சுமை இல்லாத நாளில் ஆபீஸ் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையும் முதுகுத்தண்டில் தெரியும். ஓல்ட் மேன் எமு மாதிரி கம்பெனிகள் ஒரே வண்டிக்கே எவ்வளவு சுமை ஏற்றுவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ப வெவ்வேறு ஸ்பிரிங் விற்பது இதனால்தான். காற்றுப் பையில் இந்தப் பிரச்சினையே இல்லை. எடை கூடியதைச் சென்சார் சொன்னதும் கம்ப்ரசர் காற்றை ஏற்றும், அழுத்தம் கூடக்கூடப் பையும் விறைத்துக்கொள்ளும், ஆக சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஆடுகிற விதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். குடும்பத்தோடு கேம்பிங் போகிறவர்களுக்கு ஏரின் பெரிய லாபம் இதுதான் என்பேன், உயரத்தைவிடவும்.

சரி, மணல். வஹீபா மணல்மேடுகளுக்குள் நுழைய எல்லோரையும் போல நாங்களும் பிதியாவில் டயர் காற்றை 15 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிவிட்டுத்தான் போவோம். இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்: மணலில் சஸ்பென்ஷன் எது என்பதைவிட டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதுதான் முக்கால்வாசி. 35-இல் வைத்துக்கொண்டு ஏறினால் எந்த வண்டியும் புதையும். மேட்டின் உச்சியில் வயிறு தட்டி மாட்டிக்கொள்கிற இடத்தில் மட்டும் டிஸ்கவரியின் கூடுதல் உயரம் கைகொடுக்கும். வயிறு தரையில் பட்டுவிட்டதை உணர்ந்தால் அதுவே இன்னும் கொஞ்சம் எக்கிப் பார்க்கவும் செய்யும்.

ஆனால் எனக்கு இதில் ஒரு பெரிய எரிச்சல் உண்டு. ஆஃப்ரோடு உயரத்தில் இருக்கும்போது வேகம் 50 கி.மீ.யைத் தாண்டினால் வண்டி தானாகச் சாதாரண உயரத்துக்கு இறங்கிவிடும். கல் பாதையில் இது நியாயம். மணல் மேட்டில் ஏற வேகம்தானே வேண்டும்? நன்றாக முறுக்கி ஏறப்போகிற நேரம் பார்த்து, பாதுகாப்பு கருதி இறங்குகிறேன் என்று இறங்கினால் என்ன செய்வது. மணல் ஓட்டுகிறவர்கள் இந்த வண்டியைச் சாதாரண உயரத்திலேயே ஓட்டப் பழகிக்கொள்வது நல்லது. லிஃப்ட் போட்ட பிராடோ இங்கே யாரையும் கேட்பதில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. மஸ்கட்காரர்கள் டொயோட்டா லேண்ட் க்ரூஸர், நிஸான் பட்ரோல் என்று போவதில் அர்த்தம் இருக்கிறது.

கல் பாதைக்கு வாதி பனி அவ்ஃப் (வாதி என்றால் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்கு). குறுகலான, செங்குத்தான மலைப்பாதை, மழை பெய்த பிறகு போனால் ஒவ்வொரு தடவையும் வேறு பாதை. சாதாரணமாக, தனித்தனி சக்கரமாக இயங்கும் சஸ்பென்ஷனில் ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் எதிர்ச்சக்கரத்துக்கு அதில் சம்பந்தமே இருக்காது. முழு ஆக்சில் வண்டியில் ஒன்று மேலே போனால் மற்றது கீழே அழுந்தும், டயர் தரையை விடாது. பிராடோவின் பின்பக்கம் கல்மேல் வளைந்து கொடுப்பதைப் பின்னால் நின்று பார்த்தால் அழகாகவே இருக்கும். டிஸ்கவரி இதைக் காற்றால் நடிக்கிறது: மெதுவாகப் போகும்போது ஒரே அச்சில் இருக்கிற இடது பையையும் வலது பையையும் வால்வைத் திறந்து இணைத்துவிடும், ஒரு பக்கம் நசுங்கினால் அந்தக் காற்று மறுபக்கம் போய் அந்தச் சக்கரத்தைக் கீழே தள்ளும். நல்ல மூளை. ஆனாலும் ஆஃப்ரோடு உயரத்தில் ஏற்கெனவே கால் நீட்டி நிற்பதால் சக்கரம் இன்னும் கீழே தொங்க இடம் குறைவு. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும், முதல்தடவை கேட்டவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று இறங்கிப் பார்ப்பார்கள். அதே இடத்தை பிராடோ சத்தமில்லாமல் தாண்டும். தாண்டுவது இரண்டும்தான், டிஸ்கவரி கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸைக் கூப்பிட்டுக்கொண்டு தாண்டும்.

இனி பழுது. ஏரை எதிர்ப்பவர்களின் பிரம்மாஸ்திரம் இது, அவர்கள் சொல்வதில் முக்கால்வாசி உண்மையும்கூட. ரப்பர் பைக்கு ஆயுள் உண்டு. மடிப்புகளில் மண்ணும் கூர்க்கல்லும் சேர்ந்து உரசும், வெயில் வேறு. எங்காவது லேசாகக் கசிந்தாலும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் சீக்கிரம் தேய்ந்துபோகும். காற்றிலிருக்கும் ஈரத்தை எடுக்கும் டிரையர் கெட்டால் ஈரம் வால்வு பிளாக்குக்குள் போகும். ஒன்று போனால் இன்னொன்றையும் இழுத்துக்கொண்டு போகிற அமைப்பு. மொத்தமாகக் காற்று போனால் வண்டி பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை மேல் உட்கார்ந்துவிடும், பாலைவனத்தின் நடுவில் அது வேடிக்கை இல்லை. காயிலும் உடையும், பெரும்பாலும் துருப்பிடித்த கடைசிச் சுற்றில். ஆனால் உடைந்த காயிலோடு உருட்டி உருட்டியாவது ஊர் வந்து சேர்ந்துவிடலாம், எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றித் தருவார்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள். ஒரு தடவை வாதியில் கல் தட்டி என் வண்டியின் பின்பக்க உயர சென்சாரின் குச்சி கழன்றுவிட்டது. டேஷ்போர்டில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை, மெதுவாகப் போ என்ற செய்தி. ஊருக்குள் ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு நான்கு பையும் கம்ப்ரசரும் மாற்ற வேண்டும் என்று ஒரு கொட்டேஷன் கொடுத்தார்கள், அந்தப் பணத்தில் ஊரில் ஒரு பழைய கார் வாங்கலாம். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறொரு மலையாளி மெக்கானிக்கிடம் போனேன். சேட்டன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. டார்ச்சோடு அடியில் படுத்து, தொங்கிக்கொண்டிருந்த குச்சியை விரலால் ஆட்டிக் காட்டினார். ஏர் வண்டி வாங்குமுன் இப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டிக் கம்பெனிகளுக்கே இதில் ஒருமித்த கருத்து இல்லை. கமான் பட்டையோடு ஜீப்புகள் குதித்துக்கொண்டிருந்த 1970-இல் ரேஞ்ச் ரோவர் நான்கு பக்கமும் காயிலோடு வந்துதான் பெயர் வாங்கியது. அதே வண்டிக்கு 1992-இல் எலக்ட்ரானிக் ஏர் சஸ்பென்ஷன் வந்தது, 1994-இல் வந்த இரண்டாம் தலைமுறை முழுக்கக் காற்றுக்கே போய்விட்டது. இன்னொரு பக்கம் மெர்சிடஸ் ஜி கிளாஸும் லேண்ட் க்ரூஸர் 300-ம் இன்றைக்கும் காயில்தான். இப்போதைய டிஃபெண்டர் 110 இரண்டு விதமாகவும் வருகிறது. ஏர் வண்டியில் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி 291 மி.மீ. வரை போகும், 900 மி.மீ. தண்ணீரில் இறங்கலாம். காயில் வண்டிக்குத் தண்ணீர் அளவு 850. தண்ணீர் வித்தியாசம் அவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள், அதற்காக யாரும் ஏர் வாங்க வேண்டியதில்லை.

ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு: மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா எல்லாமே காயில் வண்டிகள், அதை அப்படியே விடுங்கள். சுமைதான் பிரச்சினை என்றால் காயிலுக்கு உள்ளேயே சொருகிக்கொள்கிற சின்ன ஹெல்பர் காற்றுப் பைகள் கிடைக்கின்றன, சுமை ஏற்றும்போது காற்றடித்து, இறக்கியதும் குறைத்துக்கொள்ளலாம்.

என் தீர்ப்பு இது. புது வண்டி, வாரண்டி இருக்கிறது, குடும்பம், ஹைவே, வார இறுதியில் மலை என்றால் ஏர், யோசிக்கவே வேண்டாம். தனியாக, ஆள் நடமாட்டமே இல்லாத இடங்களுக்கு நாள்கணக்கில் போகிறவர் என்றால் காயில். மணல்தான் உயிர் என்றாலும் காயில்.

பழைய ஏர் வண்டி வாங்குவதாக இருந்தால் சமதளத்தில் சாதாரண உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்துக்கும் அதன் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அங்கே கசிவு. அப்புறம் ஸ்டார்ட் செய்து ஆஃப்ரோடு உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள், திணறித் திணறி ஏறினால் கம்ப்ரசருக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்து, இப்போதுதான் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தேன் என்று விற்பவர் சொன்னால், நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.