ஜப்பானிய மொழி ஆசிரியருக்கு எது உதவும்: உராவாவா, மெக்ஸ்டா, புதிய தேசியத் தகுதியா?

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 நிலை தேறிவிட்டால் போதும், "ஞாயிற்றுக்கிழமை பேட்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்களேன்" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றி ஜப்பானிய நிறுவனங்கள் அவ்வளவு இருக்கின்றன, மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜேஎல்பிடி தேர்வு, படித்தும் கேட்டும் எவ்வளவு புரிகிறது என்பதைத்தான் அளக்கிறது. பேச்சுத் தேர்வே அதில் கிடையாது. கற்பிக்கத் தெரியுமா என்று எந்த இடத்திலும் கேட்பதில்லை. அதை எங்கே போய்க் கற்பது?

ஜப்பானுக்குப் போய்ப் படிக்க மூன்று வழிகள் பரவலாகப் பேசப்படுகின்றன. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். மூன்றும் வேறு வேறு ஆட்களுக்கானவை.

முதலில் உராவா. ஜப்பானிய மொழியையும் பண்பாட்டையும் வெளிநாடுகளில் பரப்பும் ஜப்பான் அரசு சார்ந்த அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷன், 1989-இல் தோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சைதாமாவில் தொடங்கிய பயிற்சி நிலையம் இது. ஜப்பானியம் தாய்மொழியாக இல்லாத, தம் நாட்டில் ஏற்கெனவே வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களையே மனத்தில் வைத்துப் பாடத்திட்டம் போட்டிருக்கிறார்கள். அனுபவம் குறைந்த இளம் ஆசிரியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய 6 மாதம். மற்றவை சில வாரங்களில் முடியும். தேர்வானவர்களின் பயணச் செலவு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மொழிப் பயிற்சியும் கற்பித்தல் முறையும் சேர்ந்தே நடக்கும். ஜப்பானிய மொழிக் கல்விக்கென்றே ஒரு நூலகமும் அங்கே உண்டு.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, கூடப் படிப்பவர்கள். இந்தோனேசியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் முன்னால் மாதிரி வகுப்பு எடுக்கும்போது, நம் ஊரில் யாரும் சுட்டிக்காட்டாத பழக்கங்கள் பளிச்சென்று தெரியும். ஆசிரியரே முக்கால் மணி நேரம் பேசுவது, மாணவர் வாய் திறப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவது, இப்படி. புத்தகம் படித்து இதைத் திருத்திக்கொள்வது கடினம்.

சிக்கல் ஒன்று உண்டு. பணிபுரியும் நிறுவனத்தின் ஆதரவு இல்லாமல் இதற்குப் போவது சிரமம். பகுதிநேரமாக, மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் ஆறு மாதம் ஊரில் இல்லாவிட்டால், திரும்பி வரும்போது அந்த பேட்ச் வேறொருவர் கையில் இருக்கும். உண்மையில் இந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான் என்பது வருத்தமான விஷயம்.

அடுத்து, ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆசிரியர் பயிற்சி உதவித்தொகை. மெக்ஸ்ட் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் ஒன்றரை ஆண்டு, மாதம் 1,43,000 யென். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஜப்பானிய மொழி ஆசிரியர்களுக்கென்று வந்த திட்டம் அல்ல, எந்தப் பாடம் எடுக்கும் பள்ளி ஆசிரியரும் விண்ணப்பிக்கலாம். 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 5 ஆண்டு பணி அனுபவம் வேண்டும், கல்லூரி விரிவுரையாளர்களுக்கு இடமில்லை. முடிவில் சான்றிதழ் கிடைக்கும், பட்டம் கிடைக்காது. பள்ளியில் ஜப்பானியம் கற்பிக்கும் ஒருவருக்கு நல்ல வாய்ப்பு. தனியார் மையத்தில் கற்பிப்பவர் இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது புதியது. 2024 ஏப்ரலில் ஜப்பானில் "பதிவு பெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்" என்ற தேசியத் தகுதி நடைமுறைக்கு வந்தது. முதல் தேர்வு அதே ஆண்டு நவம்பர் 17-இல் நடந்தது. அடிப்படைத் தேர்வு, பயன்பாட்டுத் தேர்வு, அப்புறம் செய்முறைப் பயிற்சி. வயது, படிப்பு, நாடு என்று எந்தத் தடையும் இல்லை. ஆனால் தேர்வு முழுக்க ஜப்பானிய மொழியில், அதுவும் ஜப்பானில் போய் எழுத வேண்டும். ஜேஎல்பிடியின் உச்ச நிலையான என்1 தரம் கையில் இல்லாமல் இறங்குவது வீண். தோக்கியோவிலோ ஒசாகாவிலோ அரசு அங்கீகாரம் பெற்ற மொழிப் பள்ளியில் வேலை பார்க்க நினைப்பவருக்கு இது அவசியமாகிக்கொண்டு வருகிறது, பழைய தகுதிகளுக்கான சலுகைக் காலம் 2029 மார்ச்சோடு முடிகிறது. சென்னையிலேயே கற்பிக்கப் போகிறவர் இதற்காகப் பல லட்சம் யென் கட்டிப் பயிற்சி வகுப்பில் சேருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியாவுக்குள்ளேயே ஒரு வழி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2017-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஐந்து ஆண்டுகளில் 1,000 ஆசிரியர்களை உருவாக்குவது என்று அறிவித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2018-இல் தில்லியில் ஆசிரியர் பயிற்சி மையம் வந்தது. உராவாவுக்கு முன்னால் இதைப் பார்ப்பதுதான் முறை.

சரி, பயணமே முடியாதவர்களுக்கு? ஜப்பான் ஃபவுண்டேஷனின் "மின்னா நோ கியோஸாய்" தளத்தில் படங்களும் வகுப்புச் செயல்பாடுகளும் இலவசம். "இரோதோரி" பாடநூல் முழுவதையும் ஒலிப்பதிவோடு இறக்கிக்கொள்ளலாம். ஜப்பானில் வேலைக்குப் போகிறவர்களை எண்ணி எழுதியது, ஏ2 நிலை வரை, அதாவது அன்றாட எளிய பேச்சு அளவுக்குப் போகும். "மருகோதோ"வும் அதே நிறுவனத்துடையது, பேச்சை முன்னால் வைப்பது, ஆனால் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். "மின்னா நோ நிஹோங்கோ" 50 பாடங்களில் இலக்கணத்தை ஒழுங்காக அடுக்கித் தருகிறது. வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு இரோதோரியை எடுத்துக்கொண்டு, இலக்கணத்துக்கு மின்னா நோ நிஹோங்கோவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் விருப்பம்.

இந்த நூல்களில் எதுவும் தமிழ் பேசும் வகுப்பை எண்ணி எழுதப்பட்டதல்ல. வினை கடைசியில் வருவதையும் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதையும் நம் மாணவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அங்கே மிச்சமாகும் நேரத்தை வேறிடத்தில் செலவிடலாம். "சென்னையில் இருக்கிறேன்", "சென்னையில் வேலை செய்கிறேன்" இரண்டிலும் நமக்கு ஒரே "இல்". ஜப்பானியத்தில் முதலாவதற்கு "நி", இரண்டாவதற்கு "தே". நூலில் அரைப் பக்கத்தில் கடந்து போகும் இந்த இடத்தில் நம் மாணவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள், அதற்குத் தனியாக இரண்டு வகுப்பாவது ஒதுக்குங்கள்.