பேஜோவுக்குப் புரி வெட்டிய கதை

பாரிசிலிருந்து சைக்கிளோடு ஊருக்குப் போகிறேன் என்றதும் மனைவி சிரித்தார். "யாழ்ப்பாணத்திலை சைக்கிளுக்கா பஞ்சம்?" பஞ்சமில்லைத்தான். ஆனாலும் 1970களின் கடைசியில் வந்த என் பேஜோ றேசிங் சைக்கிளில் ஒருமுறையாவது பருத்தித்துறைக்கு ஓட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. திரும்பும்போது அக்காவின் மகனுக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.

பெட்டியில் அடைக்கும்போதே பிழை விட்டேன். பின் டெறெய்லரை, அதாவது சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் கியர்ச் சாமானை, கழற்றிச் சட்டத்துக்குள் கட்டியிருக்க வேண்டும். அலுப்பில் அப்படியே விட்டுவிட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்தது. யாழ்ப்பாணம் போகும் இரவு வான் வண்டியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் திறந்து பார்க்கவில்லை. ஊருக்கு வந்தால் ஒரு கலியாண வீடு, அடுத்து ஒரு அந்தியேட்டி. பெட்டியைப் பிரித்தது ஒன்பதாம் நாள். டெறெய்லர் இரண்டாய்ப் பிளந்து பாதி சங்கிலியில் தொங்கியது. டெல்ரின் என்ற பிளாஸ்ரிக்கில் வார்த்த சிம்ப்ளெக்ஸ் கம்பனிச் சாமான் அது. நாற்பது வருடப் பிளாஸ்ரிக் எந்த அடியைத் தாங்கும்?

விமானக்காரருக்கு எழுதினேன். நாள் கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில். கோபம் வந்தாலும் விதி அதுதான். மொன்றியல் உடன்படிக்கைப்படி, பொதி சேதமானால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். சைக்கிளோடு வருகிறவர்கள் விமான நிலையத்திலேயே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். வான்காரர் கத்தினால் கத்தட்டும்.

முதலில் போனது நகரத்தில் கண்ணாடி போட்ட ஒரு கடைக்கு. பெடியன் நல்ல மரியாதை. "இதுக்குச் சாமான் வராது அண்ணை, புதுசு ஒண்டு எடுங்கோ" என்று பத்து நிமிடத்தில் மூன்று சைக்கிளுக்கு விலை சொன்னான். என் சைக்கிளை ஒருதரம் குனிந்து பார்க்கவில்லை. நான் அங்கே வாங்கியது ஒரு ஷிமானோ ரூர்ணி டெறெய்லர் மட்டும். பிள்ளைகளின் கியர் சைக்கிளுக்குப் போடுவது, 4,200 ரூபா. என் சைக்கிளின் லீவர், 'டிக் டிக்' என்று படி விழாத பழைய வகை. விரலால் இழுத்து நாமே இடம் பிடிக்க வேண்டும். அதனால் எந்தக் காலத்துப் பின் கியரும் அதற்கு ஒத்துவரும். பின்னால் ஐந்து பல்சக்கரம், 14 பல்லிலிருந்து 28 பல் வரை. ரூர்ணிக்கு அது சும்மா.

சிக்கல் வேறு இடத்தில். சட்டத்தின் பின்நுனியில் கியர் பூட்டுகிற காதில் சிம்ப்ளெக்ஸுக்குப் புரி (ஆணி திருகி ஏறும் வரி) கிடையாது, வெறும் துளைதான். ரூர்ணியின் ஆணிக்கோ 10 மில்லிமீற்றர் தடிப்புக்கு, வரிக்கு வரி 1 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள புரி வேண்டும்.

மருமகன் கோண்டாவில் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் கூட்டிப்போனான். பெயர்ப்பலகை இல்லை. ஒரு வேப்பமரம், அதன் கிளையில் சைக்கிளைத் தூக்கிக் கட்ட இரண்டு கயிறு, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் பழைய டைனமோக்கள். போர்க்காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி றேடியோ கேட்டோமே, அந்தச் சாமான்தான். ஐயாவுக்கு எழுபது இருக்கும்.

"யாழ்ப்பாணத்திலை ஏத்தம் எங்கை கிடக்கு? உனக்கேன் தம்பி கியர்?"

"வல்லை வெளிக் காத்துக்கு ஐயா."

பருத்தித்துறை வழியில் வரும் வெட்டவெளி அது. "அது சரி" என்றவர், காதின் துளைக்குள் சின்னி விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். "புரி இல்லை. வெட்டினாச் சரி."

வெட்டுகிற ராப் அவரிடம் இல்லை. பாரிசிலிருந்து ஒன்றை அனுப்பச் சொல்லவா என்று நான் போனை எடுக்க, அவர் மருமகனைப் பார்த்தார்: "வானுக்குப் பிறேக் பைப் பூட்டுறவனிட்டைக் கொண்டுபோ." ஜப்பான் வான்களின் பிறேக் பைப்புக்கு வருவதும் அதே 10க்கு 1 புரிதானாம். இத்தனை வருடம் சைக்கிளோடு கிடந்த எனக்கு அது தெரியாது. கராஜில் எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று பொறுமையாக வெட்டினார்கள். 800 ரூபா. போர்க்காலத்தில் பெற்றோல் இல்லாமல் பழைய ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்த ஊரல்லவா.

திரும்பி வந்ததும் ஐயா செய்த வேலையை இன்னும் மறக்க முடியவில்லை. மூலையில் கிடந்த ஒரு கியர் சைக்கிளின் பின் சில்லை எடுத்து, அதன் அச்சைப் புதுப் புரிக்குள் திருகினார். இப்போது என் சில்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சில்லு. கீழே நெருங்கியும் மேலே விலகியும் நின்றது. பெட்டி வாங்கிய அடியில் காது உள்ளே மடங்கியிருக்கிறது! அந்தச் சில்லையே பிடியாக வைத்து மெல்ல வெளியே இழுத்தார். விரலை வைத்து மேலும் கீழும் இடைவெளி பார்த்தார். மறுபடி இழுத்தார். இரும்புக் காது வளைந்து கொடுத்தது. பாரிசில் இதற்கென்றே தனி அளவுகோல் வைத்திருப்பார்கள்.

அப்புறம் டெறெய்லர் முட்டி நிற்க, காதின் பின்பக்கம் அரத்தால் ஒரு சின்னப் படி ராவினார். பழைய கேபிளே போதும் என்றார். கடைசியில் அந்த இரண்டு சின்ன ஆணிகள். ஒன்று சங்கிலி வெளியே விழாமல் மறிப்பது, மற்றது உள்ளே போகாமல் மறிப்பது. உள் ஆணியில்தான் அதிக நேரம் நின்றார். "இது பிழைச்சால் சங்கிலி கம்பிக்குள்ளை போய்ச் சில்லையே திண்டுடும்." பெடலைச் சுற்றி, கியரைக் கையால் உள்ளே தள்ளி, கால் சுற்று இறுக்கினார்.

கூலி 500 ரூபா கேட்டார். 2,000 நீட்டினேன். ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மருமகனின் சட்டைப்பையில் வைத்தார். ஒரு குறை சொல்லலாம்: மத்தியானம் கடை பூட்டு, எப்போது திறப்பார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு பின்னேரம் வீணாய்ப் போனது.

மூன்றாம் நாள் விடிய வெளிக்கிட்டேன். ஆவரங்கால் வரை 14 பல்லில் பறந்தேன். வல்லை வெளியில் காற்று முகத்தில் அறைந்தது. லீவரை இழுத்தேன், சங்கிலி 28இல் போய் உட்கார்ந்தது. பக்கத்தால் ஒரு ஆச்சி சாதாரண லுமாலா சைக்கிளில் என்னை முந்திக்கொண்டு போனார்.