கோணம் மாற்றக்கூடிய ஸ்டெம்: இரண்டு மாத அனுபவம்

என்னுடையது மவுண்டன் சைக்கிள். ஆனால் அது மலையைப் பார்த்ததே இல்லை. தினமும் தார்ச்சாலையில் 25 கி.மீ. ஓடுகிறது. ஒரு மணி நேரம் மிதித்தால் கழுத்து இறுகும், சுண்டுவிரல் மரத்துப்போகும். சாலைக்கு ஹேண்டில்பார் தாழ்ந்திருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கழுத்து என்னுடையது, அவர்களுடையது அல்ல.

ஹேண்டில்பாரை உயர்த்தச் செலவில்லாத வழிகளை முதலில் பார்த்தேன். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் கைதான் ஸ்டெம். அதற்கு மேலே கிடந்த ஒரே ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வளையத்தை அதற்குக் கீழே மாற்றினேன், போதவில்லை. அதன்பிறகுதான் கோணம் மாற்றக்கூடிய இந்த 90 மி.மீ. நீள ஸ்டெம்மை வாங்கினேன்.

பொருத்தியபோது நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம்மின் மேல்மூடியில் உள்ள திருகுதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது என்று எண்ணி முழு பலத்தோடு முறுக்கினேன். ஹேண்டில்பார் துருப்பிடித்த கதவைப் போலத் திரும்பியது. அந்தத் திருகின் வேலை ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கின் ஆட்டத்தைப் போக்குவது மட்டும்தான். அதை லேசாக இறுக்கி, முன்சக்கரத்தோடு ஸ்டெம்மை நேராக்கி, கடைசியாக ஸ்டெம்மின் பக்கவாட்டுத் திருகுகளை முறுக்க வேண்டும். பிறகு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தேன். 'டக்' என்ற ஆட்டம் இல்லை.

முதல் வாரம் ஆசைப்பட்டு 35 பாகையில் வைத்தேன். கீழ்நோக்கி 6 பாகையில் இருந்த பழைய ஸ்டெம்மைவிட ஹேண்டில்பார் சுமார் 5 செ.மீ. உயர்ந்தது, கூடவே ஏறத்தாழ 4 செ.மீ. என் பக்கம் வந்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கழுத்து வலி போயிற்று, ஆனால் எதிர்க்காற்று முழுவதும் மார்பில் அறைந்தது. ஏற்றத்தில் முன்சக்கரம் நிலத்தில் ஒட்டாமல் அலைந்தது. வலது பக்கம் முழுதாகத் திருப்பினால் பின்பிரேக் கேபிள் விறைத்து இழுத்தது.

20 பாகைக்கு இறக்கினேன். உயரம் மூன்றரை செ.மீ., நெருக்கம் 2 செ.மீ. கேபிளும் தளர்ந்தது, சுண்டுவிரலும் விழித்துக்கொண்டது.

குறை என்றால் கோணத்தை மாற்றும் இதன் மூட்டு. எழுந்து நின்று மிதித்தால் முனகுகிறது. கழற்றித் துடைத்து, கிரீஸ் இட்டு, அதன் மேலேயே பொறித்திருக்கும் 6 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் பத்து நாள் அமைதி, பிறகு பழையபடி. கனமும் அதிகம். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க அருமையான கருவி. நிரந்தரமாக வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. 17 பாகையில் அசையாத ஸ்டெம் கிடைக்கிறது, அதற்கு மாறப்போகிறேன்.

இதைத் தங்கை கேட்டிருக்கிறாள். அவளுடைய ஹேண்டில்பாரின் விட்டம் 25.4 மி.மீ., அதைக் கவ்வும் இந்த ஸ்டெம்மின் வாய் 31.8. இடையில் செருக அலுமினிய வளையம் தேட வேண்டும், அதையும் என்னைத்தான் தேடச் சொல்வாள்.